முதலீடு வருவதைப் போலவே வெளியேறுவதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதாரச் சீர்திருத்தத்தில் இறங்கியிருக்கும் நாடுகளைப் பற்றி உங்கள் வணிகப் பக்கங்களில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறேன். ‘இனி 100 சதவீத அந்நிய உரிமைக்கு அனுமதி’, ‘பத்தாண்டு வரிச் சலுகை’, ‘இத்தனை ஆயிரம் கோடிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்பவையே பெரும்பாலும் தலைப்பு. இவை எல்லாம் பணம் உள்ளே வருவதற்கான விதிகள். ஓர் அரசாணை மூலம் ஒரே நாளில் மாற்றிவிடக்கூடியவை. போட்ட பணத்தின் லாபத்தை டாலராக்கி எடுத்துப்போக முடிகிறதா, தகராறு வந்தால் தீர்ப்பு கிடைக்கிறதா, தொழிலை விற்றுவிட்டுக் கிளம்ப முடிகிறதா என்று பார்த்தால்தான் சீர்திருத்தம் எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பது தெரியும். அந்தப் பக்கத்தைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதுகிறோம். முதலீட்டாளர் நஷ்டப்படுவதும் சரி, அழைத்த நாடு ஏமாறுவதும் சரி, அதிகம் நடப்பது அங்கேதான்.

வாய்ப்பு இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. நீண்ட காலம் மூடிக்கிடந்த சந்தையில் தேவை தேங்கி நிற்கும். மியான்மரில் ஒரு காலத்தில் ஒரு சிம் கார்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2013இல் டெலினார், ஊரிடூ ஆகிய இரு வெளிநாட்டு நிறுவனங்கள் உரிமத்துக்குத் தேர்வாயின. மறு ஆண்டே 1,500 கியாத்துக்கு, அதாவது இரண்டு டாலருக்கும் குறைவாக, சிம் விற்றது. சில ஆண்டுகளில் நாடு முழுக்கக் கைபேசி பரவியது. முதலில் நுழைந்தவர்களுக்குக் கிடைக்கும் பலன் இதுதான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டெலினார் அங்கிருந்த தன் முதலீட்டின் மதிப்பு முழுவதையும் அதே ஆண்டுக் கணக்கில் தள்ளுபடி செய்தது, வெறும் 10.5 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டு, 2022இல் வெளியேறியது.

வியட்நாமின் கதை வேறு விதம், ஆனால் அதையும் அவசரமாகச் சொல்லிவிடுகிறோம். 1986இல் ‘டோய் மோய்’ சீர்திருத்தம், 1987இல் அந்நிய முதலீட்டுச் சட்டம். சாம்சங்கின் பாக் நிங் கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2009இல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில்தான் அமெரிக்காவுடன் உறவு சீரானது, 2001இல் இருதரப்பு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள். செய்த பொருளை விற்கச் சந்தை திறந்த பிறகுதான் பெரிய ஆலைகள் வந்தன. சட்டத்தை மாற்றி இரண்டு ஆண்டில் ‘முதலீடு எங்கே?’ என்று கேட்கும் அரசியல்வாதிகளுக்கு இந்தக் காலக்கணக்கைக் காட்ட வேண்டும்.

அடுத்து, எண்கள். முதலீடு என்ற பெயரில் மூன்று வேறு வேறு தொகைகள் அச்சாகின்றன. அறிவித்த தொகை, அரசு ஒப்புதல் கொடுத்த தொகை, உண்மையில் முதலீடான தொகை. முதலாவது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. இரண்டாவது ஓர் உச்சவரம்பு, அவ்வளவே. மூன்றாவதைத்தான் மத்திய வங்கி, வெளிநாடுகளுடனான கொடுக்கல் வாங்கலைக் காட்டும் தன் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் எழுதுகிறது. அதற்குள்ளும் பிரிவு உண்டு. ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் வாங்கினால் அது நேரடி முதலீடு என்பது சர்வதேச வரையறை. புதிய பங்கு மூலதனம், உள்ளூரில் ஈட்டி எடுத்துச் செல்லாமல் மறுபடி போட்ட லாபம், தாய் நிறுவனம் கொடுத்த கடன் ஆகிய மூன்றும் ஒரே கூட்டுத்தொகையில் சேரும். ‘முதலீடு பெருகியது’ என்ற செய்தியில் ஒரு பெரும்பகுதி, ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தின் எடுக்காத லாபமாக இருக்கலாம். புதிதாக ஒரு டாலர்கூட வந்திருக்காது.

2024-25இல் இந்தியாவுக்கு வந்த மொத்த நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். வெளிநாட்டவர் விற்று எடுத்துச் சென்றதையும், இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் போட்டதையும் கழித்தால் நிகரம் 100 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. இதைப் பார்த்துச் சிலர் பதறினார்கள். ரிசர்வ் வங்கி, முதலீட்டாளர் சிரமமின்றி உள்ளே வந்து வெளியே போகக்கூடிய முதிர்ந்த சந்தையின் அடையாளம் இது என்றது. அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. பங்குச் சந்தையில் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போக முடிந்த ஒருவர்தான் அடுத்த முதலீட்டாளருக்கு நம்பிக்கை தருகிறார். ஆனால் எடுத்த பணம் ஏன் அங்கேயே மறுபடி இறங்கவில்லை, உள்ளூர்க்காரர்களே ஏன் வெளியே போடுகிறார்கள் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டையும் வாசகர் முன் வைக்க வேண்டும் என்றால் மொத்தத்தோடு நிகரத்தையும் அச்சிட வேண்டும்.

எகிப்தில் 2024 பிப்ரவரியில் அறிவித்த ராஸ் எல்-ஹெக்மா கடற்கரைத் திட்டத்தையும் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து 3,500 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அதில் 1,100 கோடி, எகிப்தின் மத்திய வங்கியில் அமீரகம் ஏற்கெனவே வைத்திருந்த வைப்புத்தொகையை மாற்றிக் கணக்கிட்டது. அது நெருக்கடியைத் தணித்தது உண்மை. ஆனால் ஓர் அரசு நிதியம் ஒரே இடத்தில் போட்ட பணத்தை வைத்து, நாடு முழுவதும் தொழில் தொடங்கும் சூழல் மாறிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

நடைமுறையில் சிக்கல் தொடங்குவது முதல் பணப் பரிமாற்றத்திலேயே. செலாவணிக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில், மூலதனம் எந்த வழியாக வந்தது என்பதற்கு ஒரு பதிவு இருந்தாக வேண்டும். வியட்நாமில் அதற்கென்றே தனியாக நேரடி முதலீட்டு மூலதனக் கணக்கு. இந்தியாவில் பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போக வேண்டும். நைஜீரியாவில் பணம் வந்த 24 மணி நேரத்துக்குள் வங்கி ‘மூலதன இறக்குமதிச் சான்றிதழ்’ வழங்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஈவுத்தொகையை டாலராக அனுப்பப் போகும்போது வங்கி கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

தவறு வழக்கமாக மூன்று இடங்களில் நடக்கிறது. நிறுவனம் பதிவாகும் முன்பே வழக்கறிஞர் கட்டணம், நில முன்பணம், ஆய்வுச் செலவு எல்லாவற்றையும் தாய் நிறுவனம் தன் கணக்கிலிருந்து நேராகக் கட்டிவிடுகிறது. அது உள்ளூர் வங்கியைத் தொடாததால் மூலதனமாகப் பதிவாவதில்லை. அடுத்து, இயந்திரம். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உள்ள விற்பனையாளருக்குத் தாய் நிறுவனமே பணம் கொடுத்து, பெட்டி மட்டும் துறைமுகத்தில் வந்து இறங்கும். சுங்க ஆவணத்தில் ஒரு மதிப்பு, நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டில் வேறு மதிப்பு, அல்லது எதுவுமே இல்லை. பொருளாக வரும் மூலதனத்துக்கு முன்கூட்டியே மதிப்பீடும் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். மூன்றாவது, தாய் நிறுவனம் கொடுத்த கடனைப் பின்னால் பங்காக மாற்றுவது. கடனாகப் பதிந்த சான்றிதழ் பங்குக்குச் செல்லாது. புதிய அனுமதி வேண்டும்.

இந்த மூன்றாவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எம்டிஎன் வழக்கே சாட்சி. நைஜீரியாவில் இயங்கும் இந்தத் தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம், பங்குதாரர் கடனை முன்னுரிமைப் பங்காக மாற்றியிருந்தது. அதற்கு மத்திய வங்கியின் இறுதி ஒப்புதல் இல்லை, எனவே சான்றிதழ்கள் முறையற்றவை, அவற்றை வைத்து அனுப்பிய 810 கோடி டாலரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று 2018 ஆகஸ்டில் நைஜீரிய மத்திய வங்கி உத்தரவு போட்டது. சான்றிதழ் வழங்கிய நான்கு வங்கிகளுக்கும் அபராதம். பங்கு விலை சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுமார் 5.3 கோடி டாலர் கட்டி விவகாரம் முடிந்தது. பத்தாண்டுக்கு முந்தைய ஓர் ஒப்புதல் குறைபாட்டிலிருந்து, கட்டிய தொகையைப் போல 150 மடங்கு பெரிய கோரிக்கை எழுந்தது. அந்தச் சில மாதங்களில் நைஜீரியாவைப் பற்றி மற்ற முதலீட்டாளர்கள் எடுத்த முடிவுகளின் விலை எந்தக் கணக்கிலும் வராது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் வங்கியில் டாலர் இருக்க வேண்டும். உஸ்பெகிஸ்தானில் 2017 செப்டம்பர் 5 வரை அதிகாரபூர்வ மதிப்பு டாலருக்குச் சுமார் 4,200 சோம். அந்த விலைக்கு டாலர் வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிச்சந்தையில் அதைப் போல இரு மடங்கு. அன்று ஒரே நாளில் மதிப்பை 8,100க்குக் கொண்டுவந்தார்கள். வலித்தது, ஆனால் வரிசை கலைந்தது. நைஜீரியா தள்ளிப்போட்டது. டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாமல் எமிரேட்ஸ் விமானங்கள் 2022இல் நிறுத்தப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்துத்தான் திரும்பின. 2023 ஜூனில் தன் நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்டபோது டாலருக்கு 470 அருகே இருந்தது, 2024 தொடக்கத்தில் 1,400ஐத் தாண்டியது. அந்த 2023இலேயே கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் வெளியேறுவதாக அறிவித்தது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் உள்ளூர் உற்பத்தியை நிறுத்தி இறக்குமதிக்கு மாறப்போவதாகச் சொன்னது.

நாணயச் சரிவு ஒரு நல்ல தொழிலை எப்படி முடக்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உள்ளூரில் மட்டும் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டு லாபம் உள்ளூர் நாணயத்தில் 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 50 என்றால் அது 2 கோடி டாலர். டாலரில் வாங்கிய கடனுக்கு ஆண்டுத் தவணை 1.5 கோடி. கையில் 50 லட்சம் மிஞ்சும். மதிப்பு 80க்கு இறங்கினால் அதே லாபம் 1.25 கோடி டாலர்தான். தவணைக்கே 25 லட்சம் குறையும். விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, தொழிலாளர் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்தார்கள், ஆனாலும் கடன் தவணை தவறிவிட்டது. பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் முன்பேர ஒப்பந்தம் போட்டுக் காத்துக்கொள்ளலாமே என்பார்கள். இத்தகைய நாணயங்களுக்குச் சில மாதம், மிஞ்சினால் ஓர் ஆண்டுக்குத்தான் அது கிடைக்கும், கட்டணமும் கடுமை. ஏற்றுமதி வருவாய் உள்ளவர் டாலர் கடன் வாங்கலாம். உள்ளூரில் விற்பவர், வட்டி அதிகமானாலும் உள்ளூர் நாணயத்தில் வாங்குவதே பிழைக்கும் வழி.

மின்சாரத்தைப் பற்றிய அறிவிப்புகளில் ‘தடையற்ற மின்சாரம்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் இருப்பதில்லை. வடக்கு வியட்நாமில் 2023 மே, ஜூன் மாதங்களில் அணைகள் வற்றி, பாக் நிங், பாக் ஜியாங் தொழிற்பேட்டைகளில்கூட மின்வெட்டு வந்தது. நஷ்டம் 140 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நாட்டின் மத்தியிலும் தெற்கிலும் சூரிய மின்சாரம் மிச்சம் இருந்தது. வடக்கே கொண்டுவரத் தடம் போதவில்லை. 500 கிலோவோல்ட் புதிய வழித்தடம் 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. உற்பத்தித் திறன் நாட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை. இந்த மனைக்கு எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து வரும், எத்தனை கிலோவோல்ட், இரண்டாவது வழி உண்டா, கம்பம் நடும் செலவு யாருடையது, மின்மாற்றிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். பெரிய மின்மாற்றி கைக்கு வர இப்போது ஓராண்டுக்கு மேல் ஆகிறது. கட்டடம் அதற்கு முன்பே முடிந்துவிடும். பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் சற்று நேரம் மின்சாரம் நின்றாலே உருகிய பொருள் உருளைக்குள் இறுக ஆரம்பிக்கும். அதைச் சுரண்டி எடுத்து, மறுபடி சூடேற்றி, தரம் சரியாகும் வரை வரும் உருப்படிகளைக் கழித்துப்போட அரை நாள் போய்விடும். டீசல் ஜெனரேட்டர் இருந்தாலும் அது ஏற்கும் வரையிலான சில வினாடிகள் போதும், கட்டுப்பாட்டுக் கருவிகள் நின்றுவிட.

நிலத்தில் பார்க்க வேண்டியது குத்தகைக் காலம், பழைய உரிமையாளருக்கு இழப்பீடு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, அணுகுசாலை யாருடைய நிலம் என்ற மூன்றும்தான். கடைசியை மறப்பவர்களே அதிகம்.

வரிச் சலுகைக்கு வருகிறேன். இதற்கு நாடுகள் கொடுக்கும் முக்கியத்துவம் எனக்குக் கவலை தருகிறது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேல் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்ற ஏற்பாட்டை 2024 முதல் பல நாடுகள் அமல்படுத்தத் தொடங்கிவிட்டன. ஒரு நாடு 5 சதவீதம் மட்டும் வாங்கினால் மிச்ச 10 சதவீதத்தை வேறொரு நாடு வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. விட்டுக்கொடுத்த வரி முதலீட்டாளர் பைக்குப் போகாமல் இன்னோர் அரசின் கஜானாவுக்குப் போகும். வியட்நாம் இதை உணர்ந்து 2024 ஜனவரி 1 முதல் தானே அந்த வித்தியாசத்தை வசூலிக்கச் சட்டம் செய்தது.

அதைவிட அதிகம் பலன் தருவது, கட்டிய வரியை நேரத்தில் திருப்பித் தருவது. 5 கோடி டாலர் இயந்திரத்துக்கு 10 சதவீத மதிப்புக்கூட்டு வரி கட்டினால் 50 லட்சம் டாலர். ஏற்றுமதி ஆலைக்கு அது திரும்பி வர வேண்டிய பணம். ஒன்றரை ஆண்டு நிலுவையில் கிடந்தால், 12 சதவீத வட்டியில் 9 லட்சம் டாலர் போய்விடும். உற்பத்தியே தொடங்காத ஆலைக்கு இந்தச் செலவு. அரசுக்குப் பற்றாக்குறை வரும்போது முதலில் தாமதமாவது இந்தத் திருப்பித் தருதல்தான் என்பதால், ஒரு நாட்டின் நிதிநிலையை அறிய இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது.

சட்டம் நிலைக்குமா என்பதும் கேள்வி. இந்தோனேசியா 2020 நவம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட சட்டங்களை ஒரே மசோதாவில் திருத்தி வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், இயற்றிய முறை தவறு, இரண்டு ஆண்டுக்குள் சரிசெய்யுங்கள் என்றது. 2022 டிசம்பரில் அவசரச் சட்டம், 2023இல் நாடாளுமன்ற ஒப்புதல். ஆலோசனை இல்லாமல் வேகமாக நிறைவேற்றிய சீர்திருத்தம் மூன்று ஆண்டு ஆடிக்கொண்டிருந்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. அப்படித் தடுத்து நிறுத்தக்கூடிய நீதிமன்றம் இருப்பதும் முதலீட்டாளருக்குப் பாதுகாப்புதான். தரவரிசைகளும் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. ‘தொழில் செய்ய எளிதான நாடுகள்’ பட்டியலை, தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதால் உலக வங்கியே 2021 செப்டம்பரில் நிறுத்தியது.

தகராறு முற்றினால் என்ன ஆகும்? பாகிஸ்தானின் ரெக்கோ டிக் செப்புச் சுரங்கத்துக்கு 2011இல் குத்தகை மறுக்கப்பட்டது. வழக்குப் போட்ட டெத்தியான் நிறுவனத்தின் உரிமையாளர்கள் கனடாவையும் சிலியையும் சேர்ந்தவர்கள். ஆனால் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் பதிவானது. அதனால் ஆஸ்திரேலியா-பாகிஸ்தான் முதலீட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கிடைத்தது. எந்த நாட்டில் பதிவு என்ற ஒற்றை முடிவுதான் வழக்கையே சாத்தியமாக்கியது. 2019இல் சர்வதேச நடுவர் மன்றம் வட்டியோடு 580 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. நியூயார்க்கிலும் பாரிஸிலும் பாகிஸ்தான் விமான நிறுவனத்துக்கு இருந்த ஓட்டல்கள் வரை முடக்கப் பார்த்தார்கள். கடைசியில் 2022இல் சமரசம். டெத்தியானின் உரிமையாளர்களில் ஒன்றான கனடாவின் பாரிக் நிறுவனம் அதே சுரங்கத்துக்கு 50 சதவீதப் பங்கோடு திரும்பியது. தீர்ப்பு வந்தும் பணம் வர மேலும் பேரம் பேச வேண்டும் என்பதை முதலீட்டாளரும், ஒரு குத்தகை மறுப்புக்கு இவ்வளவு விலை என்பதை அரசும் அதில் பார்க்கலாம்.

அழைக்கும் நாடு தன் தரப்பில் கவனிக்க வேண்டியது, நீண்ட கால ஒப்பந்தங்களில் நாணய இடரை யார் சுமக்கிறார்கள் என்பது. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையம் 1999இல் மின்சாரம் தரத் தொடங்கியது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டணம், அதுவும் டாலரோடு பிணைத்து. ரூபாய் இறங்கி, எரிபொருளான நாப்தாவின் விலை ஏறியதும் மாநில மின்வாரியத்தால் தாங்க முடியவில்லை. 2001இல் நிலையம் மூடப்பட்டது. பாகிஸ்தான் இதே போல, வாங்காத மின்சாரத்துக்கும் கட்ட வேண்டிய திறன் கட்டணச் சுமையால் 2024 அக்டோபரில் ஐந்து தனியார் மின்நிலையங்களின் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டது. கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே பிழை. முதலீட்டாளருக்கு எல்லா இடரையும் நீக்கித் தரும் ஒப்பந்தம் அவருக்கும் நல்லதல்ல. கட்ட முடியாத தொகையை எந்தக் கையெழுத்தும் வசூலித்துத் தராது.

உங்களிடம் என் கோரிக்கை எளிமையானது. முதலீட்டு அறிவிப்பு வெளியிடும்போது, அது ஒப்புதலா, வந்து இறங்கிய பணமா என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். நாட்டளவிலான எண் என்றால் மொத்தம், நிகரம் இரண்டையும், மறுமுதலீட்டு லாபம் எவ்வளவு என்பதையும் போடுங்கள். அறிவிப்பு வந்து ஓராண்டு கழித்து அதே திட்டத்தைப் பற்றி மறுபடி விசாரியுங்கள்: மின்மாற்றி வந்துவிட்டதா, கட்டிய வரி திரும்பியதா, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. மூன்றாம் ஆண்டு கேட்க வேண்டிய கேள்வி, முதல் ஈவுத்தொகையை அனுப்ப வங்கியில் எத்தனை நாள் ஆனது என்பது. பதில்கள் முதலீட்டாளரிடமும் மத்திய வங்கியிடமும் வரித் துறையிடமும் இருக்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு.

இப்படிக்கு,
முதலீட்டு ஒப்பந்தம், செலாவணிக் கணக்குப் பணியில் உள்ள வாசகர்